முன் ஸ்பிராக்கெட்டுக்கு மூடி நிற்காத ஊர்

போன் வந்தது

"லூர்தண்ணா, செயின் வெட்டுற சாமான் எடுத்துட்டு வாங்க. சீக்கிரம் வாங்க." உப்பளத்தில் வேலை செய்கிற சகாயமேரி இவ்வளவுதான் சொன்னாள். எந்த இடம் என்று நான் கேட்பதற்குள் அவள் பக்கத்தில் வேறொரு பெண் அலறுகிற சத்தம் கேட்டது. இது வழக்கமான பிரேக்டவுன் இல்லை என்று அப்போதே புரிந்துவிட்டது.

நான் மரக்காணத்தில் ஈ.சி.ஆர். ஓரமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பெயர் லூர்துசாமி. இந்தத் தொழிலுக்கு வருகிற பையன்களுக்குப் பயன்படும்படி நான்கு விஷயம் எழுதுங்கள் என்று எங்கள் மெக்கானிக் சங்கத்தில் கேட்டார்கள். இன்ஜின் ஓவர்ஹாலைப் பற்றி எழுத என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு மூடியைப் பற்றி.

போல்ட் கட்டரையும் ஒரு ஸ்பேனர் செட்டையும் எடுத்துக்கொண்டு அவள் தினமும் வருகிற உப்பளப் பாதைப் பக்கம் போனேன். உப்பளத்திலிருந்து வரும் மண் பாதை ஈ.சி.ஆரில் ஏறுகிற இடத்தில் கூட்டம் நின்றது. நடுவில் சகாயமேரியின் பழைய நூறு சி.சி. வண்டி. அதை விழாமல் இரண்டு ஆண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தரையில் தேவி உட்கார்ந்திருந்தாள். சகாயத்தோடு உப்பளத்தில் கூலிக்குப் போகிற பெண், கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவளுடைய இடது கால் வண்டியிலேயே இருந்தது. புடவை செயினோடு போய் முன் ஸ்பிராக்கெட் என்கிற பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, பாதத்தையும் பல்லுக்குள் இழுத்துவிட்டிருந்தது.

வண்டியைப் பின்னால் உருட்டினால் கால் வெளியே வந்துவிடும் என்று யாரோ உருட்டிப் பார்த்திருக்கிறார்கள். துணி இன்னும் இறுகிவிட்டது. வண்டி கியரிலேயே ஆஃப் ஆகியிருந்தது. நியூட்ரல் செய்யலாம் என்றால் கியர் லீவரைத் தொட முடியவில்லை, அவள் கால் அங்கேதான் இருந்தது. சகாயத்தை கிளட்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவள் கடைசிவரை கிளட்சை விடவில்லை. கீழ்ச் செயினைக் கட்டரால் வெட்டினேன். புடவையைச் சுற்றிலும் அறுத்தேன். ஸ்பிராக்கெட்டை ஒவ்வொரு பல்லாகக் கையால் பின்னுக்குத் திருப்பினேன். தேவி கத்துவதை நிறுத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் வெளியே வந்ததும் தலையைக் குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு மயங்கிவிட்டாள்.

அந்த ஸ்பிராக்கெட்டின் மேல் கவர் இல்லை.

மூடி எதற்கு

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜினின் இடது பக்கம், கியர் லீவருக்குப் பின்னால் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அதுதான் முன் ஸ்பிராக்கெட். பின் சக்கரத்தைச் சுற்ற வைக்கும் செயினை இழுப்பது அதுதான். மேல் செயின் பின்னாலிருந்து ஓடிவந்து இந்தப் பல்லுக்குள் நுழையும். அதன் மேல் எது பட்டாலும் அதையும் சேர்த்து உள்ளே கொண்டுபோய்விடும். துணி, கயிறு, விரல் என்ற வித்தியாசம் அதற்குக் கிடையாது. நம் ஊரில் பெண்கள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து கால் போடுவதும் அதே இடது பக்கம்தான். அதனால் கம்பெனிக்காரன் அதை ஒரு கவர் போட்டு மூடியிருக்கிறான்.

ஆனால் கம்பெனிக்காரன் உப்பளத்து வரப்பில் வண்டி ஓட்டிப் பார்த்ததில்லை. பாத்திகளுக்கு நடுவே போகும் வரப்பு முழுக்கக் களிமண். களி செயினில் ஒட்டி வந்து கவருக்குள் அடைத்துக்கொள்ளும். வெயில் ஏற ஏற களியும் உப்பும் சேர்ந்து இறுகிவிடும், ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டித்தான் பெயர்க்க வேண்டும். செயின் திணறும். சில நேரம் வண்டி வரப்பின் நடுவிலேயே நின்றுவிடும், முன்னாலும் போகாது பின்னாலும் வராது. கவரைக் கழட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை, களி தானாக உதிர்ந்துவிடும். அதனால் இந்தப் பக்கம் பழைய வண்டி எதைப் பார்த்தாலும் அந்த இடம் திறந்தே கிடக்கும்.

நான் தொழில் கற்றது கூனிமேட்டில், பஷீர் பாய் கடையில். கவரைக் கழட்டச் சொல்லி யாராவது வந்தால் பாய் கோபப்பட மாட்டார். "கழட்டணும்னா நீயே கழட்டிக்க. என் ஸ்பேனர்ல கழட்டாத" என்று மட்டும் சொல்வார். அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. என் கடையில் இன்றுவரை யாருக்கும் அதைக் கழட்டித் தந்ததில்லை. அவர்கள் வேறு கடையில் கழட்டிக்கொண்டு, என்னிடம் ஆயில் மாற்ற வருவார்கள்.

சகாயமேரியின் வண்டி

சகாயமேரியின் புருஷன் அந்தோணி கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனபோது வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அது சும்மா நின்றால் துருப்பிடித்துவிடும் என்று இவள் எடுத்து ஓட்டப் பழகினாள். காய்ந்து கிடந்த பாத்தியில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டாள். அவள் வேலை செய்த பாத்தி ரோட்டிலிருந்து வெகு உள்ளே இருந்தது. ஷேர் ஆட்டோ ரோட்டோடு இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வெறுங்காலோடு வரப்பில் நடந்து, நாளெல்லாம் உப்பு வாரிச் சுமந்து, மறுபடியும் நடந்து வர வேண்டும்.

சகாயம் வண்டி ஓட்டத் தொடங்கியதும் அந்த நடை நின்றது. கூட வேலை செய்த பெண்களை ரோட்டிலிருந்து ட்ரிப் அடித்துக் கொண்டுபோய் விடுவாள். சாயங்காலம் அதேபோல் கொண்டுவருவாள். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி அவள் ஓட்டிப் போவதை நான் கடையிலிருந்து பார்த்திருக்கிறேன். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொண்டே போவார்கள். உப்பளத்து வேலைக்குச் சிரித்துக்கொண்டு போனவர்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஒருமுறை கிளட்ச் கேபிள் மாற்ற வந்தாள். செயினை மூடுகிற செயின் கேஸ் உப்புக் காற்றில் அரித்து எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. ஸ்பிராக்கெட் கவரும் இல்லை. கேட்டேன். வரப்பில் வண்டி இறுகி நின்ற ஒருநாள் கல்லால் தட்டிக் கழட்டியதாகவும், கவர் உடைந்துவிட்டதாகவும் சொன்னாள்.

"அது இல்லாமதான் வண்டி நல்லா ஓடுதுண்ணா. களி கட்டறதே இல்ல."

"பின்னாடி புடவையோட உக்கார்றாங்களேம்மா."

"முட்டிக்கு மேல தூக்கிச் சொருகிட்டுதான் உக்கார்றோம். அளத்துல யாரு பாக்கப் போறாங்க?"

நான் விடவில்லை. என்னென்ன ஆகும் என்று எடுத்துச் சொன்னேன். சொன்னால் கேட்டுக்கொள்கிற ஆள் அவள். களி அடைக்காத மாதிரி ஒன்று செய்து தருவதாக இருந்தால் மாட்டிக்கொள்கிறேன் என்றாள்.

நீல பேரல்

அந்த மாடலுக்கு ஒரிஜினல் கவர் கடைகளில் வருவது நின்று வெகு நாளாகிவிட்டது. கெமிக்கல் வருகிற நீல பிளாஸ்டிக் பேரல் ஒன்று என்னிடம் கிடந்தது. அதில் ஒரு துண்டு அறுத்து, ஹீட் காட்டி வளைத்தேன். மேலேயும் பக்கத்திலும் மூடியிருக்கும், கீழே திறந்திருக்கும். களி கீழே விழுந்துவிடும், கால் உள்ளே போகாது. செய்து முடித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது.

மாட்டும்போதுதான் பிரச்சினை தெரிந்தது. இன்ஜின் கேஸ் அலுமினியம். அதில் கவர் போல்ட் போகும் துளைகளை உப்பு தின்றிருந்தது. ஒன்றில் பழைய போல்ட் உடைந்து உள்ளேயே நின்றிருந்தது. இன்னொன்றில் புது மரை வெட்டப் பெரிய சைஸ் டேப் போட்டேன். திரெட் ஏறவில்லை, ஓரம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. சரியாகச் செய்ய வேண்டுமென்றால் இன்ஜினை இறக்கி, புதுச்சேரிக்கு அனுப்பி, கேஸில் வெல்டிங் வைத்துப் புதுத் துளை போட வேண்டும். சில நாள் வண்டியை என்னிடம் விட வேண்டியிருக்கும்.

சகாயம் யோசித்தாள். மழை தொடங்கி அளத்து வேலை நின்றதும் விட்டுவிடுகிறேன் என்றாள். சீசன் நடுவில் வண்டியை விட்டால் இவளை நம்பியிருக்கிற பெண்கள் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. தாமதமாகப் போனால் மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இருந்த நல்ல துளையில் ஒரு போல்ட், மற்ற பக்கம் கிளாம்ப் என்று அப்போதைக்கு நிற்கிற மாதிரி மாட்டிக் கொடுத்தேன். ஆடினால் உடனே கொண்டுவா என்றேன். சில வாரம் அது நின்றது. ஒருநாள் கடையைத் தாண்டிப் போகும்போது வண்டியை நிறுத்தி, களி கட்டவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விபத்து நடந்த நாள் என்ன ஆயிற்று என்பதைப் புதுச்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சகாயமே என்னிடம் சொன்னாள். சாயங்காலம் தேவியோடு வரப்பில் திரும்பி வரும்போது போல்ட் கழன்று கவர் செயினில் உரசியிருக்கிறது. அப்படியே ஓட்டினால் கவர் சிக்கிக்கொள்ளும் என்று அதைக் கழட்டிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். தேவியை வீட்டில் இறக்கிவிட்டு நேராக என்னிடம் வருவதாக இருந்தாள். பை ஹேண்டிலில் தொங்கியது. பாதை ஈ.சி.ஆரில் ஏறுவதற்கு முன்னால் தேவி, ரோட்டில் ஆட்கள் இருப்பார்கள் என்று, சொருகியிருந்த புடவையை இறக்கி விட்டுக்கொண்டாள். தினமும் செய்கிறதுதான். கடற்காற்று பலமாக அடித்தது.

"பை ஹேண்டில்லதான் தொங்கிட்டு இருந்துச்சுண்ணா" என்று சகாயம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளைத் தேற்ற எதைச் சொன்னாலும் அது எனக்கே பொய்யாகக் கேட்டிருக்கும்.

கவர் இருந்திருந்தால் புடவை செயினில் சிக்கிக் கிழிந்திருக்கும், வண்டி நின்றிருக்கும், இரண்டு பேரும் விழுந்துகூட இருக்கலாம். பாதம் பல்லுக்குள் போயிருக்காது. அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

உப்புத் தண்ணீர்

தேவியின் இடது காலில் விரல்களையும் முன் பாதத்தில் கொஞ்சத்தையும் எடுத்துவிட்டார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து மேலே ஒட்டினார்கள். அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். தண்ணீரில் நிற்கலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். புண் ஆறிய பிறகு நிற்கலாம் என்று அவர் சொன்னார். அவர் சொன்னது வீட்டுத் தண்ணீரை. இவள் கேட்டது பாத்தித் தண்ணீரை. அந்த வித்தியாசம் அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த சீசன் தொடங்கியதும் அவள் வேலைக்குப் போனாள். காலில் துணி சுற்றி, பிளாஸ்டிக் கவர் கட்டி, மேலே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டாள். பாத்தியில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் உள்ளே போய்விட்டது. ஒட்டிய தோல் மெல்லியது, அது பிளந்துகொண்டது. நல்ல காலிலேயே பாளம் பாளமாக வெடிப்பு விழுகிற இடம் அது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாள் மேஸ்திரி அவளை வரப்பில் உட்கார வைத்து, இனி வர வேண்டாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. காலைப் பார்த்ததும் தன் துண்டைக் கொடுத்து ரத்தத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்க நானும் சகாயமும் அளத்து ஆபீசுக்குப் போனோம். மேனேஜர் எங்களுக்கு டீ சொன்னார், பொறுமையாகக் கேட்டார். விபத்து நடந்தது ரோட்டில், அளத்துக்குள் இல்லை என்றார். பாக்கெட் போடும் ஷெட்டில் எல்லோரும் நின்றுகொண்டுதான் வேலை செய்கிறார்கள் என்று கூட்டிப்போய்க் காட்டவும் செய்தார். உண்மைதான், அங்கே ஒரு நாற்காலிகூட இல்லை. டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தோம்.

சகாயம் விபத்துக்குப் பிறகு வண்டியைத் தொடவில்லை. என் கடையில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினாள். அந்தோணி ஊருக்கு வந்து அதை விற்றுவிட்டுப் போனான். பெண்கள் மறுபடியும் நடக்க ஆரம்பித்தார்கள். அதில் வயதானவள் ஒருத்தி, இனி அவ்வளவு தூரம் முடியாது என்று வேலையை விட்டே நின்றுவிட்டாள்.

சகாயம் சாயங்காலங்களில் தேவி வீட்டுக்குப் போவாள். மீன் வாங்கிப் போவாள், தண்ணீர் பிடித்து வைப்பாள். தேவி அவளோடு முன்புபோலவே பேசினாள். அளத்தில் யார் யார் வருகிறார்கள், மேஸ்திரி என்ன சொன்னார் என்றெல்லாம் விசாரிப்பாள். ஒருநாள் மாதா கோயில் பூசை முடிந்து வெளியே வரும்போது சகாயம் என்னிடம் சொன்னாள். "ஒரு வாட்டி திட்டிட்டாகூட பரவால்லண்ணா. அவ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறா. என்னால அந்த வீட்டுக்குப் போகவும் முடியல, போவாம இருக்கவும் முடியல."

முருகன் வந்தது

அந்த விபத்துக்குப் பிறகு நான் வேறு மாதிரி கவர் செய்தேன். இன்ஜின் கேஸை நம்பவில்லை. ஃபிரேம் பைப்பைச் சுற்றி இரும்பு பிராக்கெட் போட்டு, அதில் கவரை நிறுத்தினேன். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் மாட்டிவிட்டேன். ரோட்டில் மட்டும் ஓடுகிற வண்டிகளில் அது நின்றது. அளத்து வண்டிகளில் நிற்கவில்லை. ஒரு மழை பெய்து வரப்பு இளகியதும் களி கீழிருந்தே ஏறி அடைத்தது. இடைவெளியைப் பெரிதாக்கினேன். களி நிற்கவில்லை, ஆனால் அந்த இடைவெளியில் கால் போகும். கால் போகாத அளவுக்குக் குறைத்தால் களி அடைக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கும் என்று எத்தனையோ துண்டு வெட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு அளவு எனக்கு அகப்படவில்லை.

தேவியின் புருஷன் முருகன் படகில் கூலிக்குப் போகிறவன். அவள் வருமானம் நின்ற பிறகு, படகு போகாத நாட்களில் அளத்திலிருந்து உப்பு மூட்டைகளைத் தன் வண்டியில் ரோட்டுக்குக் கொண்டுவரும் வேலைக்கும் போனான். ஒருநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தான். பின் சக்கரம் சுற்றவில்லை, பாதி தூரம் தூக்கியும் இழுத்தும் வந்திருக்கிறான். பார்த்தேன். கம்பெனி போட்ட கவருக்குள் களி கல்லாக இறுகியிருந்தது. தட்டி எடுத்துச் சுத்தம் செய்து, கவரைத் திருப்பி மாட்டப் போனேன்.

"அத மாட்டாதீங்கண்ணா" என்றான்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"கவர் வேணாம். மூட்டையோட வரப்புல நின்னு நின்னு போவுது. இன்னொரு வாட்டி நின்னா வேற ஆள் வெச்சுக்குவோம்னு சொல்லிட்டாங்க."

"முருகா, நீயா இத கேக்கற?"

"நான்தான் கேக்கறேன்."

"தேவி இந்த வண்டியிலதானே ஏறுவா?"

அவன் சுத்தம் செய்த செயினைக் கையால் தள்ளிச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தான். "அவளால ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும்கூட நடக்க முடியலண்ணா. கட்டு மாத்த இதுலதான் கூட்டிட்டுப் போவணும். அந்த மருந்து வாங்கறதுக்கு மூட்ட அடிக்கணும். மூட்ட அடிக்க வண்டி ஓடணும். நீங்க சொல்றதெல்லாம் எனக்குத் தெரியாதா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் செய்தது இதுதான். என் பிராக்கெட்டைப் போட்டு, புதுக் கவரை மாட்டி, களி போகக் கூடுமானவரை இடைவெளி விட்டேன். அவன் தடுக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு ஓட்டிப் போனான்.

அந்த வாரத்திலேயே அவன் கடையைத் தாண்டிப் போனான். முன் ஸ்பிராக்கெட் திறந்து கிடந்தது, பல் வெயிலில் பளபளத்தது. பின்னால் தேவி இடது பக்கம் காலைப் போட்டு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட காலைத் தூக்கி நல்ல காலின் மேல் வைத்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். முருகன் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு போனான்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்பிராக்கெட் கவரைக் கழட்டித் தராதீர்கள். யார் கேட்டாலும் தராதீர்கள், காரணத்தையும் சொல்லுங்கள். ஆனால் கழட்டுகிறவன் விவரம் தெரியாமல் கழட்டுகிறான் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நான் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். எடுத்துச் சொன்னால் போதும், புரிந்துவிட்டால் மாட்டிக்கொள்வார்கள் என்று நம்பினேன். முருகனுக்குப் புரிந்திருந்த அளவுக்கு இந்த ஊரில் வேறு யாருக்கும் அது புரிந்திருக்க முடியாது. இப்போது அவன் கடைக்கு வந்தால் செயினுக்கு ஆயில் விட்டுக் கொடுக்கிறேன். திறந்து கிடக்கிற அந்த ஸ்பிராக்கெட்டைப் பார்க்காமல்தான் விடுகிறேன்.